சூடில்லாத கப்புகள்

இந்த வாரம் உங்கள் கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்க ஆரம்பித்திருக்கும். ஆய்வுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. கம்பெனி அனுமதி கொடுத்துவிட்டது. தொழிலாளர் கேம்ப் வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். இனி கேள்வி கேட்பது மட்டும்தான் பாக்கி என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஓய்வு பெற்றுப் போனவனைக் கூப்பிட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கேள்விகளை எப்படி அமைப்பது, மாதிரிகளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதெல்லாம் உங்கள் பயிற்சி வகுப்பில் வரும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். திருச்சியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மனைவிக்குத் துபாயில் கணக்காளர் வேலை கிடைத்ததும் கூடவே வந்தேன். அங்கே தேரா பகுதியில் மசாலாக் கடைகளுக்கு மேலே இருந்த ஆராய்ச்சி அலுவலகத்தில், தமிழ்த் தொழிலாளர்களிடம் பேசிப் பதிவு செய்ய ஆள் தேடினார்கள். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதத் தெரியும். அது போதும் என்றார்கள்.

நான் சொல்லப்போகும் ஆய்வு கென்யாவில் பிறந்தது. அங்கே ஏற்றுமதிக்காகப் பூ வளர்க்கும் பெரிய தோட்டங்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நாள் முழுவதும் வேலை. அந்த வெக்கையில் நிற்பவர்களின் சிறுநீரகம் என்ன ஆகிறது என்று ஒரு பெண் டாக்டர் பார்க்க விரும்பினார். அவர் நாட்டில் முறையாக ஒப்புதல் வாங்கிப் பார்த்தார். பிறகு வளைகுடாவின் கட்டுமானத் தொழிலாளர்களிடமும் அதையே பார்க்க வேண்டும் என்றார். இங்கேயும் ஒப்புதல் கிடைத்தது. செய்முறைக் குறிப்பு அங்கே எழுதியதுதான். நாட்டின் பெயரையும் மொழியையும் மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அதில் ஒரு வரி இருந்தது. தொழிலாளியிடம் ஒப்புதல் கேட்பதும் சிறுநீர், ரத்த மாதிரி வாங்குவதும் மேற்பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் நடக்க வேண்டும், இயன்றால் ஒரு மரத்தடியில்.

மரத்தடி என்ற இடத்தில் அலுவலகமே சிரித்தது. துபாய்க்கு வெளியே, மணலுக்கு நடுவில், மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் கேம்ப் அது. மரத்துக்கு எங்கே போவது? கோடைக்காலம் வேறு. கேம்ப்பை நிர்வகிக்கும் கம்பெனி ஆளான கேம்ப் பாஸ், தூத்துக்குடிக்காரர், ஜெயக்குமார் என்று பெயர், பெரிய மனதோடு சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டார். நல்ல ஏசி, மேசை, நாற்காலி. அதை ஒட்டி அவருடைய அறை. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. வெயிலில் ஆட்களை நிற்க வைக்காமல் இருக்கிறோமே என்று எங்களுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

நீங்கள் மெடிக்கல் ஃபெயில் ஆகி ஊர் திரும்பியவர்களோடு பேசியிருக்க மாட்டீர்கள். வளைகுடாவுக்கு வரும் ஒவ்வொருவரும் ஊரிலேயே ஒரு சோதனை கடந்துதான் வருகிறார்கள். ரத்தம், எக்ஸ்ரே, சிறுநீர். அங்கே ‘அன்ஃபிட்’ என்று முத்திரை விழுந்தால் விசா இல்லை, டிக்கெட் இல்லை. இங்கே வந்த பிறகும் அந்தப் பயம் போவதில்லை. வெள்ளைக் கோட்டு, பிளாஸ்டிக் கப், பக்கத்தில் கம்பெனி ஆள். இந்த மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால், நீங்கள் வாயால் சொல்லும் விளக்கம் எதுவும் காதில் ஏறாது. சிறுநீரகத்தைப் பற்றிய ஆராய்ச்சி, யாருக்கும் முடிவு போகாது, உங்களுக்கு மட்டும்தான் சொல்வோம் என்று நான் ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கையெழுத்தும் போட்டார்கள். கண் மட்டும் கண்ணாடிக் கதவில் இருந்தது. அதை நான் பார்த்தேன். வெளியே போகும் வழியைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள். காலையிலேயே ஆரம்பித்தோம். என்னோடு இருந்தது லிஸி சிஸ்டர், கோட்டயத்துக்காரர், கேம்ப் கிளினிக்குகளிலேயே காலம் தள்ளியவர். கப்பை வாங்கி, ஸ்ட்ரிப் என்கிற சோதனைப் பட்டையை நனைத்து, மாறும் நிறத்தைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. மதியத்துக்கு முன்பு, இரண்டாவது மாடியில் ஓர் அறையிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். கப்புகளைக் கொடுத்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

சிஸ்டர் முதல் பட்டையை வெளியே எடுத்தார். சர்க்கரைக்கான கட்டம் கடைசி நிறத்துக்குப் போயிருந்தது. அதற்கடுத்த கட்டமும் கரும் ஊதாவாகியிருந்தது. உடம்பு, சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்று பிறகு சொன்னார். இரண்டாவது பட்டையும் அப்படியே. மூன்றாவதும்.

“சாரே, ஸ்ட்ரிப் கேடாயிப் போயி” என்று புது டப்பாவைப் பிரித்தார். அதுவும் அதையே சொன்னது. குடிதண்ணீரில் ஒன்றை நனைத்துப் பார்த்தார். எந்த நிறமும் மாறவில்லை. எட்டுக் கப்பிலும் ஒரே முடிவு.

பத்திரிகையில் இருந்தபோது ஒரு விஷயம் பழகியிருந்தேன். ஒரே விபத்தைப் பற்றி மூன்று நிருபர்கள் வார்த்தை பிசகாமல் ஒரே வாக்கியத்தை எழுதி வந்தால், மூன்று பேரும் போய்ப் பார்க்கவில்லை, ஒருவர்தான் போயிருக்கிறார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் கப்பின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் தொட்டுக்கொண்டிருந்தார்.

“சூடில்லா சாரே. இப்ப எடுத்ததாணெங்கில் சூடு வேணமே. இது பாட்டில்ல வச்சு ஊத்தினதாக்கும்.”

எட்டுப் பேரும் யாரோ ஒருவரிடம் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். சாதாரண நாளாக இருந்தால் சிரித்துவிட்டு எட்டையும் கொட்டியிருப்போம். ஆனால் அந்த ஒருவர் எங்கோ இந்தக் கட்டடத்தில் இருக்கிறார். எட்டுப் பேரில் ஒருவரா, வேறு அறையா, தெரியாது. அவருக்கே தன் நிலைமை தெரியாது. “இன்னு ஆசுபத்திரி போகணும். நாளைக்கு வெயில்ல நின்னா ஆளு போயி” என்றார் சிஸ்டர். கட்டட வேலைக்கு ஏற்றிப் போகும் சைட் பஸ் விடியற்காலையில் கிளம்பிவிடும்.

அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. எங்கள் முகத்தைப் பார்த்தே ஜெயக்குமார் வந்துவிட்டார்.

“என்ன சார், ஏதும் பிரச்சினையா? அந்த ரூம் பூரா சுகரோ?” அவர் மேசையில் விரித்திருந்த பட்டைகளைப் பார்த்துவிட்டார். நிறம் தெரியாதவர் யார்? “எச்.ஆர்-க்குச் சொல்லணும்லா. நாளைக்கு ஏணியில ஏறி விழுந்தான்னா என் கழுத்தைல்லா பிடிப்பானுவ.”

அவர் குரல் வராந்தா வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து செய்தி வந்துவிட்டது. அந்த அறை எட்டுப் பேரும் ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறார்கள். கீழே வர மாட்டார்கள். ரத்தம் தர மாட்டார்கள்.

எட்டும் ஒரே ஆளுடையது என்பது சிஸ்டர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஜெயக்குமார் கெட்டவர் இல்லை. அவர் உதவத்தான் நினைத்தார். “நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். நான் போய் ஒரு சத்தம் போடுதேன். எவன் குடுத்தான்னு ரெண்டு நிமிசத்துல வந்துரும்” என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஓர் ஆளின் உயிர் என்றால் சத்தம் போட்டால்தான் என்ன என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கும் மனதுக்குள் அதே கேள்விதான்.

கென்யா டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

சாப்பாட்டுக் கூடம் என்றேன்.

“கேம்ப் பாஸ் அறை எவ்வளவு தூரம்?”

“நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு.”

“இப்போது அவரை உங்களால் பார்க்க முடிகிறதா?”

“முடிகிறது.”

“அப்படியானால் அவர்களாலும் முடிந்திருக்கும்.”

பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “எங்கள் தோட்டத்தில் ஒருமுறை காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடிக்க சூப்பர்வைசர் சத்தம் போட்டார். நன்றாக இருந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். காய்ச்சல் இருந்தவள் வேலியைத் தாண்டி ஓடிவிட்டாள். உயிருக்கு ஆபத்து என்றால் கம்பெனியிடம் சொல்ல நமக்கு அனுமதி இருக்கிறது. அதைச் செய்யலாம். ஆனால் அரை மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் மட்டும் மேலே போங்கள். பெயர் கேட்காதீர்கள்.”

சிஸ்டரை ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைக்கச் சொன்னேன். ஜெயக்குமாரிடம் அரை மணி நேரம் கேட்டேன். “உங்க இஷ்டம்” என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டார். அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அடுக்குக் கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய போர்வையில் ஒரு திரை. தரையில் செய்தித்தாள் விரித்து நான்கைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அறையில் மூத்தவர் பால்சாமி, பரமக்குடிப் பக்கம். அவர்தான் முதலில் பேசினார்.

“வாங்க சார். சாப்பிட வந்தீகளா, சாம்பிள் எடுக்க வந்தீகளா?”

“உக்கார வந்தேன்” என்று கீழ்க்கட்டிலில் உட்கார்ந்தேன்.

“சாம்பிள் கெடையாது. எப்ப வேணும்னாலும் விலகிக்கிறலாம், காரணம் சொல்ல வேணாம்னு நீங்கதான வாசிச்சுக் காமிச்சீக. நாங்க நல்லாக் கேட்டுக்கிட்டம்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவ்வளவு நேரம் வாசித்ததில் ஒரு வரியாவது போய்ச் சேர்ந்திருக்கிறது.

“விலகிட்டீங்க. அதுல மாத்தம் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். எட்டுக் கப்பும் ஒரே ஆளோடது.”

வெங்காயம் உரிக்கும் கைகள் நின்றன.

“யாரு சொன்னா?” என்று எகிறினான் செல்வம் என்ற இளைஞன்.

“சும்மா இர்றா” என்றார் பால்சாமி.

“யாரும் சொல்லல. உங்க பேரு எங்கேயும் போகாது, அந்தக் கப்பையெல்லாம் கொட்டிடுவோம். யாரு குடுத்ததுன்னும் நான் கேக்கல. ஆனா அந்த ஆளுக்கு உடம்பு ரொம்ப மோசமா இருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா நாளைக்கு சைட்ல விழுந்துருவாரு. எந்திரிக்க வைக்க முடியுமான்னு தெரியாது. நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்க. அவ்வளவுதான்.”

இதைக் கேட்டதும் பால்சாமி முகத்தில் நிம்மதிதான் வந்தது.

“சார், ஒங்க மிஷினு கெட்டுப்போச்சு. நீங்க சொல்ற ஆளுக்குத் தலைவலிகூட வந்ததில்ல. இந்தக் கேம்புலயே நோய் நொடி இல்லாத ஆளாப் பாத்துத்தான நாங்க...” என்று நிறுத்திக்கொண்டார்.

“ஐயோ அண்ணே” என்றான் செல்வம். “கடைசியில நீங்களே போட்டு ஒடைச்சிட்டீங்க.”

“எதை வச்சு அவருக்கு நோய் இல்லன்னு முடிவு பண்ணீங்க?” என்று கேட்டேன். இதற்குப் பதில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உடைந்தது உடைந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, செல்வமே பதில் சொன்னான்.

“தண்ணி சார். நாங்க சைட்ல தண்ணி குடிக்கிறதே கம்மி. எங்களோடது டீ மாதிரி இருக்கும். அவன் எந்நேரமும் பாட்டிலும் கையுமாத்தான் இருப்பான். மணிக்கொரு தடவ பாத்ரூமு. தெளிஞ்ச தண்ணியாட்டம் போகும். எட்டு பேருக்கென்ன, பதினாறு பேருக்குக் கேட்டாலும் குடுப்பான்.”

“ரொம்ப நாளாவே அப்படியா?”

பால்சாமி கத்தியைக் கீழே வைத்தார்.

“ஒரு மாசமாத்தான்” என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். “ஆளும் எளச்சுப் போயிட்டான். கபடி ஆடுற ஒடம்பு. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டான். ஊர்ல பொண்ணு பாத்திருக்காக, மாப்ள டயட்டுல இருக்காருன்னு நாங்கதான் கேலி பண்ணிக்கிட்டுக் கெடந்தோம்.”

தீராத தாகம் சர்க்கரை நோயின் முதல் அறிகுறி. அதையே ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டு, அறையிலேயே அதிகம் நோயுற்றவனை எல்லாருக்கும் ஜாமீனாக அனுப்பியிருக்கிறார்கள்.

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் மூலையில் இருந்த மேல்கட்டிலைப் பார்த்தார்கள். அதன் திரை மூடியிருந்தது.

“காலையில பாட்டில நெறச்சுக் குடுத்துட்டு, வயித்த வலிக்குதுன்னு படுத்தவன் சார், கீழயே வரல” என்றான் செல்வம். “லீவு நாளுதானேன்னு எழுப்பல.”

பால்சாமி எழுந்து திரையை விலக்கினார். “வேலு. டேய் வேலு. பயில்வான்!”

அரியலூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். ஓடி வந்தவன் போல மூச்சு வாங்கியது. அருகில் போனபோது, கனிந்து கெட ஆரம்பித்த பழத்தின் வாசனை வந்தது. தலைமாட்டில் காலித் தண்ணீர் பாட்டில்கள்.

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போர்வையோடு தூக்கினார்கள். பால்சாமி கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, “மெதுவாடா, மெதுவாடா” என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே இறங்கினார்.

படிக்கட்டின் கீழே ஜெயக்குமார் நின்றிருந்தார். தூக்கி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அந்த ஒரு கணம்தான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

“யாரு சார் இது?”

“என்கூட வர்றவர்.”

“கம்பெனியில கேட்டா நான் என்ன சொல்ல?”

“அவர் எந்திரிச்சு என்ன சொல்றாரோ அதைச் சொல்லுங்க.”

அவர் போர்வைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டார். “முன் கேட்ல ஆம்புலன்ஸ் நின்னா நூறு பேரு போட்டோ எடுப்பானுவ. பின் கேட் சாவி எங்கிட்டதான் இருக்கு. வாங்க.” அவரே முன்னால் ஓடிப் போய்த் திறந்தார்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டர் ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து இவர் எங்கே இருந்தார் என்று கேட்டார். அறையில் தூங்கிக்கொண்டிருந்தார் என்றேன். “நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் நான் வேறு மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும்” என்றார். சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது. நடைபாதையில் உட்கார்ந்திருந்த பால்சாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் கையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் கை கழுவவில்லை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் போனபோது வேலு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“சார், பாஸா ஃபெயிலா?”

“எட்டுப் பேரும் ஃபெயில்.”

“போச்சுடா. நான் ஒருத்தனே எட்டுப் பேரையும் கவுத்துட்டனா?” என்று சிரிக்க ஆரம்பித்தான். கையில் ஊசி இழுத்ததும் நிறுத்திக்கொண்டான்.

கம்பெனியிடம் அவனே சொன்னான், டாக்டரின் சான்றிதழோடு. வெயில் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். இன்சுலினை ஸ்டோர் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறான். ஊருக்கு அனுப்பவில்லை. எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் சொல்வதா வேண்டாமா, யாரிடம், எப்போது என்பதை அவன் தீர்மானித்தான். அது அவனுடையதாக இருந்தது.

நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை எழுதினோம். எட்டு மாதிரிகளை நீக்கினோம். காரணம் என்ற இடத்தில் ‘பங்கேற்பாளர்கள் ஏமாற்றினார்கள்’ என்று எழுத நான் நினைத்திருந்தேன். கென்யா டாக்டர் அதை அடித்துவிட்டு, ‘இடத் தேர்வு தவறு’ என்று எழுதினார். இரண்டில் எது சரியான செய்தி என்று பத்திரிகைக்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு இடம் பார்த்தோம். சலவை அறைக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடிகள். ஏசி கிடையாது. கேம்ப் பாஸ் அறையின் ஜன்னல் எதுவும் அந்தப் பக்கம் இல்லை. நாங்கள் வருவதற்குள் பால்சாமியின் அறைக்காரர்கள் ஈரப் போர்வைகளை நான்கு பக்கமும் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் நிழல் இருந்தது, கொஞ்சம் குளிர்ச்சிகூட இருந்தது. அவர்கள் மறுபடியும் சேர்ந்துகொள்ளலாமா என்று குழுவிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். புது ஒப்புதலை வாசித்தேன். இந்தத் தடவை குறுக்கே கேள்வி கேட்டார்கள். இந்தச் சிறுநீரகம் எங்கே இருக்கிறது, ஆப்பிரிக்காவில் அந்தப் பூப் பறிக்கிறவர்களுக்கு என்ன சம்பளம், அவர்களும் தண்ணீர் குடிக்க நேரம் இல்லாமல்தான் நிற்கிறார்களா.

பால்சாமி கப்பை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல் மேசையில் வைத்தார். டீயைவிடக் கறுப்பாக இருந்தது. லிஸி சிஸ்டர் பட்டையை எடுக்கும் முன், உள்ளங்கையால் கப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“சூடுண்டு சாரே” என்றார்.